குளக்கரையில் பேஸ்டலோடு: கெனில்வொர்த் நீர்த்தோட்டத்தில் வரையப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வாஷிங்டன் நகரின் வடகிழக்கு ஓரத்தில், அனகோஸ்டியா ஆற்றை ஒட்டி, கெனில்வொர்த் நீர்த்தோட்டம் இருக்கிறது. ஜூலை வந்தால் அங்கே தாமரை பூக்கும். மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் இருக்கும் நம்மவர்கள் பிள்ளைகுட்டிகளோடு போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் பேஸ்டல் என்ற வண்ணக்குச்சிப் பெட்டியோடு போகிறவன். கூட வந்து வரைகிறவர்கள் சில கோடைகளாக ஒரே கேள்விகளைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

வரைகிறவர்களுக்கு அந்த இடத்தில் அப்படி என்ன விசேஷம்?

கரைதான். 40க்கும் மேற்பட்ட குளங்கள். நடுவே வயல் வரப்பு மாதிரி மண் கரைகள். நம் ஊரில் நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்றுக்குப் பதில் அல்லியும் தாமரையும். கரையில் ஒரு சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் தண்ணீர் உங்கள் காலுக்குக் கீழேயே இருக்கும். பெரிய பூங்காக்களில் குளத்தைச் சுற்றிக் கம்பி வேலியும் புல்தரையும் இருக்கும். தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரியும்.

இடத்துக்கு ஒரு கதையும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்த வால்டர் ஷா என்பவர், பிறகு கருவூலத் துறையில் குமாஸ்தாவாக இருந்தார். 1880களின் தொடக்கத்தில் தன் சொந்த மாநிலமான மெய்னிலிருந்து வெள்ளை அல்லியைக் கொண்டுவந்து இங்கே ஒரு குட்டையில் போட்டார். ஆசைக்கு வைத்தது வியாபாரமாகிவிட்டது. அவருக்குப் பிறகு மகள் ஹெலன் ஃபௌலர் அதைப் பெரிதாக்கி நடத்தினார். அவர் பெயரிலேயே ஓர் இளஞ்சிவப்பு அல்லி ரகம் உண்டு. 1938ல் அரசாங்கம் வாங்கியது. இன்றைக்குத் தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கிறது. ஒற்றைக் கையால் குளம் வெட்டி அல்லி வளர்த்தவரின் கரையில் உட்கார்ந்துகொண்டு, "பேஸ்டல் பிடித்துக் கை வலிக்கிறது" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கட்டணம்? அனுமதி?

நுழைவு இலவசம். நீங்கள் ஒருவராக உட்கார்ந்து உங்களுக்காக வரைந்துகொள்வதில் சிக்கல் வந்ததில்லை. பத்துப் பேரைக் கூட்டி வகுப்பு எடுப்பதோ, அங்கேயே படத்தை விற்பதோ வேறு விஷயம். அதற்கு முன்னாலேயே நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். எப்படியிருந்தாலும் வழியை மறிக்கக் கூடாது. சதுப்பு நிலத்துக்குள் போகும் மரப்பலகை நடைபாதையில் படம் வைக்கும் ஸ்டாண்டை விரித்தால் குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் போக முடியாது. அங்கே மடியில் போர்டை வைத்துக்கொண்டு ஓரமாக உட்காருவதுதான் மரியாதை.

ஆரஞ்சு ரயில் பாதையில் டீன்வுட் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். தோட்டம் திறக்கும் நேரம், மூடும் நேரம் மாறுவதுண்டு. முந்தின நாள் பார்த்துவிடுங்கள்.

எந்த மாதம், எத்தனை மணிக்குப் போகலாம்?

குளிர் தாங்கும் அல்லிகள் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை பூக்கும். தாமரைக்கு ஜூன் இறுதி முதல் ஆகஸ்ட் வரை. ஜூலை நடுவில் உச்சம். அதே சமயத்தில் தாமரைத் திருவிழாவும் வரும். அந்த வார இறுதியில் வரையப் போகாதீர்கள். கூட்டத்தில் உங்கள் ஸ்டாண்டின் காலில் பத்துப் பேராவது இடறுவார்கள்.

நேரம் என்றால், திறந்ததும் உள்ளே இருக்க வேண்டும். தாமரை காலையில் விரிந்து, உச்சி வெயிலுக்கு முன்பே குவியத் தொடங்கிவிடும். ஒரு பூவுக்கு மூன்று நான்கு நாள்தான் ஆயுசு. முதல் நாள் கொஞ்சமாகத் திறக்கும், இரண்டாம் நாள் நன்றாக விரியும், நான்காம் நாள் இதழ் கொட்டும். பகல் அல்லிகள் தாமதமாக எழுந்திருக்கிற சாதி. ஒன்பது ஒன்பதரைக்குத்தான் கண் திறக்கும், பிற்பகலில் மூடிக்கொள்ளும். இரவில் பூக்கும் வெப்பமண்டல அல்லிகள் காலையில் கடைசி மூச்சில் இருக்கும். கதிரைக் கண்டு தாமரை மலரும், நிலவைக் கண்டு ஆம்பல் மலரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதைக் கண்ணால் பார்க்க எனக்கு வாஷிங்டன் வர வேண்டியிருந்தது.

பேஸ்டல் என்பது சின்ன வயதில் வாங்கிய மெழுகு க்ரேயான்தானே?

இல்லை. இரண்டு சாதி இருக்கின்றன. நான் இங்கே பேசுவது சாஃப்ட் பேஸ்டல்: நிறமித்தூள், கொஞ்சம் சுண்ணாம்பு மாதிரியான வெள்ளைப் பொடி, ஒட்டிக்கொள்ள மிகக் கொஞ்சமாகப் பிசின். அவ்வளவுதான். விரலால் தொட்டால் கோலமாவு மாதிரி ஒட்டும். இன்னொன்று ஆயில் பேஸ்டல்; மெழுகும் எண்ணெயும் கலந்தது, தூசி பறக்காது, ஆனால் முழுக்கக் காயவும் காயாது. ஜப்பானின் சகுரா நிறுவனம் 1925ல் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்தது அந்த வகைதான். ஜூலை வெயிலில் திறந்து வைத்தால் ஆயில் பேஸ்டல் வெண்ணெயாகிவிடும். குளக்கரைக்கு எனக்குச் சாஃப்ட்தான் சரி.

வாட்டர்கலர் இன்னும் சுலபமில்லையா? தூக்க வேண்டிய சாமானும் குறைவு.

சாமான் குறைவுதான். ஆனால் அந்த ஊரின் ஜூலைப் புழுக்கத்தில் வாட்டர்கலர் காயவே காயாது; முதல் பூச்சு காய்வதற்குள் தாமரை குவிந்துவிடும். பேஸ்டலில் காத்திருப்பது கிடையாது. கருப்பு மேல் வெளிச்சம் போடலாம், போட்டதைத் தட்டி உதிர்க்கலாம். குளத்துக்கு அது பெரிய வசதி, ஏனென்றால் குளமே கருப்பில் தொடங்குவது. பிரெஞ்சு ஓவியர் மோனேகூட 1901ல் லண்டனில், அவருடைய சாமான் பெட்டிகள் வந்து சேராத நாட்களில், பேஸ்டலை எடுத்துக்கொண்டு தேம்ஸ் பாலங்களை வரைந்தார். அல்லிக்குளத்தை அவர் வரைந்தது பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தில்தான், அது வேறு.

எத்தனை குச்சி வேண்டும்?

முப்பது நாற்பது போதும். அரைக்குச்சிப் பெட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். எப்படியும் முழுக்குச்சியை உடைத்துத்தான் பக்கவாட்டில் தேய்க்கப் போகிறோம். கம்பெனி என்றால், கொரியாவின் முங்யோ மலிவு, தொடங்க நல்லது. நெதர்லாந்தின் ரெம்ப்ராண்ட் நடுத்தரம், கொஞ்சம் கெட்டி. சென்னெலியர் வெண்ணெய் மாதிரி மிருது. கடைசித் தொடுகைக்கு நாலு குச்சி இருந்தால் போதும்.

பெட்டியாக வாங்கினால் ஒரு குறை இருக்கும்: எல்லாம் நடுத்தர வெளிச்சத்தில், பளிச்சென்று. இருட்டு இருக்காது. குளத்துக்கு இருட்டுத்தான் மூலதனம். அதனால் தனியாக நாலு கருங்குச்சி வாங்குங்கள்: முற்றின கத்தரிக்காய்த் தோல் நிறம், பாசி படிந்த கிணற்றுச் சுவரின் பச்சை, கருநீலம், காப்பிக்கொட்டை நிறம். சுத்தக் கருப்பு வேண்டாம்; தண்ணீரில் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும்.

தாள்?

இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மலிவுக் குச்சியும் நல்ல தாளும் சேர்ந்தால் படம் வரும். விலை உயர்ந்த குச்சியும் வழுவழுத் தாளும் சேர்ந்தால் வராது. பொடி உட்கார ஒரு சொரசொரப்பு வேண்டும். உப்புத்தாள் மாதிரியே மணல் பூசிய தாள்கள் இதற்கென்றே வருகின்றன. யூஆர்ட் என்ற வகையில் உப்புத்தாளைப் போலவே நம்பர் போட்டிருப்பார்கள், 240 முதல் 800 வரை. 400 எனக்குப் பிடித்தது. பேஸ்டல்மேட் என்ற தாள் தொடுவதற்கு மெத்தென்றிருக்கும், ஆனால் பொடியை நன்றாகப் பிடிக்கும். சாதாரண கான்சன் மி-தாந்த் வாங்கினால், தேன்கூடு மாதிரி புள்ளி தெரியும் பக்கத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் வரையுங்கள்.

சென்னெலியரின் லா கார்ட் என்ற தாள் அருமையானது, ஆனால் தண்ணீர் பட்டால் மேல்பூச்சு கரைந்துவிடும். எனக்கு இது தெரிந்தேதான் நடந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, படத்துக்கு மேலாகக் கையை நீட்டிப் பக்கத்திலிருந்தவருக்குக் கொடுத்தேன். பாட்டிலில் வியர்த்திருந்த தண்ணீர் நாலு சொட்டு விழுந்தது. விழுந்த நாலு இடத்திலும் பூச்சு கழன்று, வெள்ளை வட்டமாகத் தாளின் எலும்பு தெரிந்தது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்று காலங்காலமாகச் சொல்கிறோம். அன்றைக்கு என் தாமரை இலையில்தான் நன்றாக ஒட்டியது.

வேறு என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

ஈசல் என்றதும் மழைக்குப் பறப்பது என்று நினைத்துச் சிரித்த நண்பர் ஒருவர் உண்டு. படம் வைக்கும் ஸ்டாண்டைச் சொல்கிறேன். கேமரா முக்காலி இருந்தால் அதில் மாட்டும் போர்டு போதும். மடக்கு ஸ்டூல், டேப், தொப்பி, ஒரு வெள்ளை அல்லது சாம்பல் நிறக் குடை. சிவப்புக் குடை பிடித்தால் தாளே சிவக்கும், எந்த நிறம் எடுக்கிறோம் என்றே தெரியாது.

ஒரு டப்பாவில் அரிசியோ ரவையோ கொண்டுவாருங்கள். நாலு படம் வரைந்ததும் எல்லாக் குச்சியும் ஒரே அழுக்கு நிறத்தில் இருக்கும். ரவைக்குள் போட்டு மெல்லக் குலுக்கினால் மேலே ஒட்டிய தூசி போய்ச் சொந்த நிறம் வெளியே வரும். அந்த ரவையை அப்புறம் உப்புமாவுக்கு எடுத்துவிடாதபடி டப்பா மேல் எழுதி வையுங்கள். சொல்ல வேண்டிய காரணம் இருக்கிறது.

உட்கார்ந்ததும் எதிலிருந்து தொடங்குவது? எங்கே பார்த்தாலும் இலையும் பூவுமாக இருக்கிறதே.

முதல் பத்து நிமிஷம் பேஸ்டலைத் தொடாதீர்கள். ஒரு அட்டையில் சின்னச் சதுரமாக ஓட்டை வெட்டி, ஒற்றைக் கண்ணால் அதன் வழியே குளத்தைப் பாருங்கள். மூன்று இலைக்கூட்டம், ஒரு பூ, நடுவே தண்ணீர். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். தாளும் 9க்கு 12 அங்குலம் போதும்.

பிறகு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் மூன்றே தொனியில் ஒரு கிறுக்கல்: கருப்பு, சாம்பல், வெள்ளை. இந்தக் கிறுக்கலில் குளம் தெரியவில்லை என்றால் பெரிய படத்திலும் தெரியப்போவதில்லை, இடத்தை மாற்றுங்கள்.

இனி தாள். கருங்குச்சியின் பக்கவாட்டைத் தாளில் படுக்க வைத்து, தண்ணீர் இருக்கும் இடத்தையெல்லாம் மேலிருந்து கீழாக இழுங்கள். இலை இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். மணல்தாள் என்றால் இதன் மேல் அகலத் தூரிகையால் கொஞ்சம் ரப்பிங் ஆல்கஹால் தடவுவேன். இருட்டு தாளுக்குள் இறங்கும், இரண்டு நிமிஷத்தில் காய்ந்தும்விடும். பேஸ்டலில் நான் ஈரமாகச் செய்கிற ஒரே வேலை இது. காய்ந்த பிறகு பார்த்தால், இன்னும் ஒரு இலைகூட வரையாமலே இலைகள் மிதந்துகொண்டிருக்கும்.

என் தாமரை எப்போதும் கோலத்துத் தாமரை மாதிரியே வருகிறது. ஏன்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், கேட்பவர்கள் எல்லாரும் நம்மவர்கள். வெள்ளைக்கார நண்பர்களுக்கு வேறு தொல்லைகள் உண்டு, இது கிடையாது. எட்டிதழ்த் தாமரையை நாம் நடக்கத் தெரிந்த வயதிலிருந்து வாசலில் பார்க்கிறோம். காலண்டரில் லட்சுமி உட்கார்ந்திருப்பதும் அதன் மேல்தான். கண் குளத்தைப் பார்க்கும், கை வாசலை வரையும்.

நான் சொல்லும் வழி ஒன்றே: பூவைக் கடைசி வரை வரையாதீர்கள். பூவைச் சுற்றி இருப்பதை வரையுங்கள். பூவுக்குப் பின்னால் ஒரு பெரிய இலை நிழலில் இருக்கிறதா, அந்த நிழலின் ஓரம் எங்கே முடிகிறது? அந்த ஓரம்தான் இதழின் ஓரம். உற்றுப் பார்த்தால் எட்டு இதழும் தெரியாது. மூன்று முழுசாக, இரண்டு ஒருக்களித்து, ஒன்று மடங்கி உள்பக்கம் காட்டி, மற்றதெல்லாம் ஒரு ரோஜா நிற மூட்டமாக. வெயில் பின்னாலிருந்து வந்தால் இதழ் வெள்ளையாகவே இருக்காது. நரம்பு தெரிய, உள்ளே விளக்கு வைத்த மாதிரி ஒரு பீச் நிறம். நிழல் விழுந்த இதழில் கத்தரிப்பூ நிறம். வெள்ளைக் குச்சியை எடுக்கும் வேளை படம் முடிகிற வேளை; நாலு தொடுகை, அதுவும் வெயில் நேரடியாக விழும் விளிம்பில் மட்டும்.

போன ஜூலையில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். கோலத்தில் கைதேர்ந்தவர் என்பது முதல் கோட்டிலேயே தெரிந்தது. கை நடுங்காமல் ஒரே இழுப்பில் எட்டு இதழ். தாளைத் திருப்பி, "இந்தப் பக்கம் பூவே வேண்டாம்மா, இலைக்கு நடுவே தெரியுதே தண்ணீர், அந்த ஓட்டைகளை மட்டும் போடுங்க" என்றேன். முக்கால் மணி நேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், கருநீலத்திலும் பாசிப்பச்சையிலும் ஏழெட்டு ஓட்டைகள், நடுவே எதையும் தொடாமல் விட்ட தாள். அந்த வெறும் தாள் அச்சு அசல் தாமரையாக நின்றது. "இதுக்கு இனிமே கலர் போடணுமா?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டோம்.

இலை தண்ணீரில் படுக்காமல் சுவரில் ஒட்டின மாதிரி நிற்கிறது.

வட்டமாக வரைகிறீர்கள். தோசைத்தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள், கோடாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குங்கள், நீள்வட்டம் அகலமாகும். குளத்தில் காலருகே இருக்கும் இலை அகல நீள்வட்டம், நடுவில் ஒல்லி, அக்கரையில் வெறும் கோடு. இந்த ஒன்றைச் சரி செய்தாலே தண்ணீர் படுத்துவிடும்.

இது அல்லி இலைக்கு. தாமரை இலை காம்பில் தூக்கிக்கொண்டு நிற்பது. குடை மாதிரி சாயும், சுருளும், அடிப்பக்கத்தைக் காட்டும். இரண்டையும் ஒரே மாதிரி போட்டால் குளமே பொய்யாகிவிடும். கோடையின் பின்பகுதியில் விக்டோரியா என்ற ராட்சத அல்லி விரிந்திருந்தால், அதன் இலை விளிம்பு மடிந்த தாம்பாளம். அந்த விளிம்பின் நிழலைப் போட்டால் போதும்.

தண்ணீருக்கு என்ன நிறம்?

நீலம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! காலடியில் நேர் கீழே பார்த்தால் தண்ணீர் நூற்றில் இரண்டு பங்கு வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். தெரிவது அடியில் இருக்கும் சேறு, டீ டிக்காஷன் நிறத்தில். பார்வை சாயச் சாயக் கண்ணாடித்தன்மை கூடும். அதனால் ஒரே குளம் முன்னால் பழுப்பு, நடுவில் மரங்களின் கரும்பச்சை, அக்கரைப் பக்கம் வானம்.

பிம்பத்துக்கு ஒரு கணக்கு: இருட்டான பொருளின் பிம்பம் கொஞ்சம் வெளுக்கும், வெளிச்சமான பொருளின் பிம்பம் கொஞ்சம் மங்கும். வெள்ளைத் தாமரைக்குக் கீழே அதே வெள்ளையைப் போட்டால் இரண்டு பூ ஆகிவிடும். பிம்பத்தை மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு, கடைசியில் குச்சியின் ஓரத்தால் குறுக்கே இரண்டே இரண்டு வெளிர்க்கோடு. மூன்றாவது கோடு போடக் கை அரிக்கும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வரையலாமா?

கூடாது. அதிலும் போலராய்டு வகை கூடவே கூடாது. அது தண்ணீர் மேலிருக்கும் பளபளப்பைத்தான் வெட்டுகிறது. மற்றவர்கள் பார்க்கும் பிம்பம் உங்களுக்குத் தெரியாது. தொப்பி போதும்.

என் பச்சையெல்லாம் பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்கிறது.

பெட்டியில் வரும் பச்சைகள் அப்படித்தான். நம்மிடம் பச்சைக்குப் பேர் எத்தனை இருக்கிறது என்று ஒரு புடவைக்கடையில் நின்று கேளுங்கள்: கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாந்துளிர், வாழைக்குருத்து, மயில்கழுத்து. குளத்தில் இத்தனையும் இருக்கின்றன, பெட்டியில்தான் இல்லை. முதலில் இலைக்கூட்டத்துக்கு அடியில் செங்காவியோ ஊதாவோ மெல்லத் தேய்த்துவிட்டு, அதன் மேல் பச்சையைப் போடுங்கள். அடிநிறம் அங்கங்கே எட்டிப் பார்க்கும்போது பச்சையின் கத்தல் அடங்கும். தாமரை இலை உண்மையில் சாம்பல் பூத்த நீலப்பச்சை. அல்லி இலையில் வெயில் சாய்வாக விழுந்தால் பச்சையே தெரியாது, வானத்தின் வெள்ளிதான் தெரியும். வெள்ளியாகத் தெரிந்தால் வெள்ளியாகவே போடுங்கள்.

வெயில், கொசு, மழை?

மூன்றும் நிச்சயம். ஜூலையில் 32, 35 டிகிரி, அதோடு புழுக்கம், சென்னைக்காரர்களுக்குப் பழகினதுதான். கொசு மருந்தும் சன் கிரீமும் தடவிய விரலால் தாளைத் தொட்டால் அந்த இடத்தில் பேஸ்டல் ஏறாது, எண்ணெய்க் கறையாக நிற்கும். வீட்டிலேயே தடவிக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு வாருங்கள். டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு மருந்து பிளாஸ்டிக்கைக்கூட அரிக்கும், பெட்டி மேல் வைக்க வேண்டாம். புல்லில் உண்ணி இருக்கும், முழுக்கால்சட்டை.

மழை பிற்பகலில் இடியோடு வரும். இடி கேட்டதும் கிளம்புங்கள், "இந்த ஒரு இலையை முடித்துவிட்டு" என்ற பேச்சே வேண்டாம். திறந்த வெளியில் இரும்பு முக்காலியோடு நிற்பது புத்திசாலித்தனம் இல்லை.

பாதிப் படத்தில் பூ மூடிக்கொண்டால்?

மூடிக்கொள்ளும். அதற்காகத்தான் வந்ததும் பூவின் இடத்தையும் அதன் மேல் விழும் வெளிச்சத்தின் பக்கத்தையும் மட்டும் குறித்துக்கொள்வது. ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஒரே படத்தைத் துரத்த வேண்டாம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது; இரண்டு மணி நேரத்தில் நிழல் வேறு பக்கம் போய்விடும், நீங்கள் இரண்டு நேரத்தை ஒரே தாளில் ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நிறத்துக்கு நம்பாதீர்கள். இருட்டுத் தண்ணீரை வெறும் கருப்பாக்கிவிடும்.

தூசி உடம்புக்குக் கெடுதலா?

ஊதாதீர்கள், அதுதான் முக்கியம். பொடியை வாயால் ஊதினால் அடுத்த மூச்சில் உள்ளே போகும். போர்டை மேல்பக்கம் உங்களை நோக்கிச் சற்றுச் சாயும்படி வைத்தால் தூசி தானே கீழே விழும். அவ்வப்போது பின்பக்கம் தட்டுங்கள். சில நிறங்களில் காட்மியம், கோபால்ட் மாதிரி உலோகங்கள் உண்டு. கையைத் துடைக்காமல் முறுக்கு சாப்பிடும் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும். விழுந்த தூசியைக் குளத்தில் தட்டாமல் ஒரு ஈரத்துணியில் ஒற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

ஆட்கள் வந்து நின்று பார்த்தால் கை ஓடவில்லை.

எல்லாருக்கும் அப்படித்தான். முதுகுக்குப் பின்னால் மரமோ புதரோ இருக்கும் இடமாகப் பிடியுங்கள். குழந்தைகள் வந்தால் ஒரு உடைந்த குச்சியும் துண்டுத்தாளும் கொடுத்துவிடுவேன், கேள்வி நின்றுவிடும். பெரியவர்களின் கேள்வி, "எவ்வளவுக்கு விற்பீங்க?" அதற்குச் சிரிப்பே பதில்.

சாமிக்கு ஒரு பூ பறித்துக்கொள்ளலாமா?

கூடாது. விதைக்காயும் கூடாது. தேசியப் பூங்காவில் அது சட்டப்படி குற்றம்.

பொடி உதிராமல் இருக்கத் தெளிக்கும் ஃபிக்சடிவ் அடிக்க வேண்டுமா?

நான் அடிப்பதில்லை. பொடியின் நடுவே இருக்கும் காற்றுதான் பேஸ்டலுக்கு அந்த மினுமினுப்பைக் கொடுக்கிறது. மேலே திரவம் தெளித்தால் நிறம் இருண்டுவிடும், வெள்ளை பாதி காணாமல் போகும். நடுவில் ஒரு அடுக்கை இருட்டாக்கவே வேண்டும் என்றால் லேசாக அடிக்கலாம். நல்ல தாளாக இருந்தால் தேவையே வராது.

வீடு வரைக்கும் எப்படிக் கொண்டுபோவது?

படத்தின் மேல் கிளாசைன் என்ற வழுவழுப்பான மெல்லிய தாளை மூடி, நாலு மூலையும் டேப் ஒட்டி, இன்னொரு போர்டை மேலே வைத்து கிளிப் போடுங்கள். போர்டு நகரக் கூடாது; அமுங்கினால் பரவாயில்லை, உரசினால்தான் போச்சு. ஃப்ரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள். சாதாரண அக்ரிலிக் தகடு வேண்டாம். நிலைமின்சாரத்தில் பொடியை இழுத்துக்கொள்ளும். ஊருக்கு அனுப்புவதாக இருந்தால், ஈரம் ஏறும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். பூஞ்சைக்குப் பேஸ்டல் பிடிக்கும்.

குச்சி தண்ணீரில் விழுந்துவிட்டால்?

போனது போனதுதான், இறங்கித் தேடாதீர்கள். அடியில் முழங்கால் சேறு, அதில் கடிக்கிற ஆமைகளும் உண்டு. பலகை நடைபாதையில் ஒருமுறை என் மயில்கழுத்துக் குச்சி உருண்டு இரண்டு பலகைக்கு நடுவே விழுந்தது. 'ப்ளக்' என்று ஒரே சத்தம். குனிந்து இடுக்கு வழியே பார்த்தேன். எந்த நிறமும் கரைந்து வரவில்லை. ஒரு ஆமை மட்டும் தலையை நீட்டி, விழுந்தது தின்கிற சாமானா என்று பார்த்துவிட்டு உள்ளே போனது. அன்றைக்கு மிச்சப் படத்தை மயில்கழுத்து இல்லாமலே முடித்தேன். இப்போது பெட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று போட்டிருக்கிறேன், ஓரம் கொஞ்சம் தூக்கலாக.